அனுமதி யார் பெயரில் இருக்கிறது?

கோலாலம்பூரில் வேலை நிமித்தமாகத் தங்கியிருக்கும் எங்களைப் போன்ற இந்தியக் குடும்பங்களை இரண்டு தேதிகள் ஆள்கின்றன. ஒன்று, இந்திய அரசு கொடுத்த கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முடியும் தேதி. மற்றொன்று, மலேசியக் குடிநுழைவுத் துறை கொடுத்த பாஸ் முடியும் தேதி. முன்னதைப் புதுப்பிக்க மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும். பின்னதைப் புதுப்பிக்க, மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். இந்த இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கலந்துகொண்டு தேதி குறிப்பதில்லை. ஆனால் இரண்டில் எது முந்தி முடிந்தாலும் இங்கே நாம் இருப்பதற்கான ஆதாரம் ஆட்டம் கண்டுவிடும். 2008-ஆம் ஆண்டிலிருந்து இந்த ஊரில் வாழ்ந்து, எங்கள் வீட்டுக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் இந்தப் படிவங்களை நிரப்பி நிரப்பி, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தேதிகளைக் கவனிப்பது அவசியம்தான். அதைவிட அவசியமானது, குடும்பத்தில் யாருடைய அனுமதி யாருடைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனிப்பதும், வாய்ப்பு வரும்போது பாஸின் வகையை மாற்றிக்கொள்வதும் ஆகும்.

விசா என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் நாட்டுக்குள் வந்து சேர உதவுவது விசா. வந்த பின் தங்கியிருக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் உரிமை தருவது பாஸ். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரையிலான பயணத்துக்கு விசா இல்லாமலே வந்து போக முடிகிறது. இதைக் கேட்டுவிட்டு, 'விசாதான் வேண்டாமே, போய் இறங்கி ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளலாம்' என்று தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அந்த முப்பது நாள் அனுமதியில் ஒரு நாள்கூட வேலை செய்ய உரிமை கிடையாது. அனுமதிக் காலம் கடந்து தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. ஊரில் ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். வயது வந்த இந்தியருக்குக் கடப்பிதழ் பத்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. ஆனால் மலேசியாவுக்குள் நுழையும்போது அதில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்பதால், பயணம் செய்கிறவருக்கு அது உண்மையில் ஒன்பதரை ஆண்டுப் புத்தகம்தான். அதோடு, கடப்பிதழ் முடியும் நாளைத் தாண்டிப் பாஸ் கொடுக்கப்படுவதில்லை. நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும், கடப்பிதழில் பதினான்கு மாதம்தான் மீதி என்றால் பாஸும் அதற்குள் அடங்கிவிடும். கட்டணத்தையும் காகிதங்களையும் விரைவிலேயே மறுபடியும் கொடுக்க வேண்டி வரும். இந்தியக் கடப்பிதழை அது முடிவதற்கு ஓராண்டு முன்பே மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது. என்னைக் கேட்டால், பாஸ் புதுப்பிப்பு அந்த ஓராண்டுக்குள் வருமானால் முதலில் கடப்பிதழை மாற்றிவிட வேண்டும். பாஸ் வந்த பிறகு கடப்பிதழை மாற்றினால், புதிய எண்ணுக்குப் பாஸை மாற்றும் எண்டோர்ஸ்மெண்ட் வேலை தனியாக வந்து சேரும். ஒட்டுத்தாள் ஒட்டிய காலம் போய் மின்னியல் பாஸ் வந்த பிறகும் இந்த எண் மாற்றம் தேவைப்படுகிறது.

கடப்பிதழைப் புதுப்பிப்பது என்று சொல்கிறோமே தவிர, பழைய புத்தகத்தில் யாரும் புதுத் தேதி எழுதித் தருவதில்லை. புது எண்ணோடு புதுப் புத்தகம் வருகிறது. பழையது மூலை வெட்டி ரத்து செய்யப்பட்டுத் திரும்பி வருகிறது. அந்தப் பழைய புத்தகத்தைப் பலர் வேண்டாத பொருளாக நினைத்து ஊரில் போட்டுவிடுகிறார்கள். அதைக் கண்போலக் காக்க வேண்டும். எந்த ஆண்டில் எங்கே இருந்தோம் என்பதற்கு அதில் உள்ள முத்திரைகளையும் பாஸ் ஒட்டுத்தாள்களையும் விட வலுவான சாட்சி வேறில்லை. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் ஒரு சமையல்காரர் கதையில் சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது டிபெண்டண்ட் பாஸில். கணவரிடம், நிறுவன வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இருந்தது. அதைச் சார்ந்து மனைவிக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுவது டிபெண்டண்ட் பாஸ். அதற்கு முதல் தேவை திருமணச் சான்றிதழ். எங்கள் திருமணம் 2006-இல் திருச்சியில் கோவிலில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் எங்கள் சுற்றத்தில் திருமணத்தைப் பதிவு செய்தவர்கள் கிடையாது. ஆகவே மாலை மாற்றி ஓராண்டுக்கும் மேல் கழித்து, திருமணப் பத்திரிகை, தாலி கட்டும் புகைப்படம், கோவில் ரசீது, சாட்சிகள் ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றோம். பத்திரிகையில் கணவரின் பெயர் வீட்டில் அழைக்கும் பெயராக அச்சாகியிருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் கடப்பிதழிலும் குலதெய்வத்தின் பெயர் இருந்தது. இருவரும் ஒருவரே என்று எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகுதான் பதிவு நடந்தது. பெரியவர்கள் அன்போடு அச்சடித்த ஒரு பெயர் எல்லை தாண்டிய அலுவலகத்தில் கேள்வியாகிவிடும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? இன்று மணமுடிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது, பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள்ளாவது சான்றிதழில் உள்ள பெயரை அச்சடியுங்கள் என்பதே.

சார்ந்து வருகிறவருக்காக, பெர்சனல் பாண்ட் என்ற உறுதிப் பத்திரத்துக்குப் பத்து ரிங்கிட் முத்திரை வாங்க வேண்டும். அந்தத் தாளில், இவர் இந்நாட்டில் இருக்கும் வரை இவருக்கு நான் பொறுப்பு என்று மற்றொருவர் கையெழுத்திடுகிறார். என் கணவர் எனக்காக அதில் கையெழுத்திட்டபோது எனக்கு வருத்தம் எதுவும் ஏற்படவில்லை. திருச்சியில் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாளும் சம்பாதிக்க உரிமை இல்லாத ஒரு தாளில் இங்கே ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறேன் என்பது பின்னால்தான் புரிந்தது. டிபெண்டண்ட் பாஸ் உடையவர் வேலை செய்யக் கூடாது. வீட்டிலேயே டியூஷன் எடுத்தாலும், தோழியின் கடையில் கணக்கு எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினாலும் அது விதிமீறல்தான். படித்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இந்த ஊரின் அடுக்குமாடி வீடுகளில் அந்தத் தாளின் வரம்புக்குள் முடங்கியிருக்கிறார்கள். அவர்கள் சோம்பல் பட்டு வீட்டில் இருக்கவில்லை என்பதை ஊரில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

2009-இல் மகள் கோலாலம்பூரில் பிறந்தாள். இந்த மண்ணில் பிறந்தாலும், பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால் மலேசியக் குடியுரிமை கிடையாது. தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கி, பிறகு இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அந்த ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. குழந்தைக்கு வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பின் கடப்பிதழ். அதன் பின் டிபெண்டண்ட் பாஸ். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. பச்சை உடம்புக்காரி எல்லாவற்றுக்கும் நேரில் அலைய வேண்டியதில்லை என்றாலும், கண் திறந்து பார்க்காத குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்திப் புகைப்படம் எடுக்கச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. குழந்தை கண் திறக்கும் வரை பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். "அவசரம் இல்லம்மா, பாப்பா முழிக்கட்டும்" என்று சொல்லி, எனக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார். குழந்தைகளுக்குக் கடப்பிதழ் ஐந்தாண்டுதான். ஆகவே வீட்டில் யாருடைய தேதியும் யாருடைய தேதியோடும் சேர்வதே இல்லை.

2014-இல் எனக்கு ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் எல்லாம் நன்றாக முடிந்து, கடைசியில் பாஸ் வகையைக் கேட்டதும் பின்வாங்கிய நிறுவனங்கள் அதற்கு முன் உண்டு; உள்ளூர்க்காரரை எடுத்தால் இந்தப் பாடு இல்லை என்பது அவர்கள் எண்ணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த நிறுவனம் மட்டும் காத்திருக்கச் சம்மதித்தது. அவர்கள் பெயரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பம் போனது. அது அனுமதிக்கப்பட்டபோது என் டிபெண்டண்ட் பாஸ் ரத்தானது. எங்கள் வீட்டிலேயே எனக்கு எதிராகக் கருத்து இருந்தது. "இருக்கிற பாஸை ஏம்மா விடுற? அந்த வேலை போயிட்டா ரெண்டும் கெட்டான் ஆயிடாதா?" என்று மாமனார் தொலைபேசியில் கேட்டார். அவர் அக்கறையோடு கேட்ட கேள்விதான். சட்டத்தின் கோணத்திலும் நியாயமான கேள்வி. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸும் போகும். ஆனால் நான் பார்த்தது வேறு. கணவரின் வேலை போனால் எங்கள் மூவரின் இருப்பும் ஒரே நாளில் போகும் நிலையில்தான் அதுவரை இருந்தோம். ஒற்றைக் காலில் நிற்கும் பந்தலுக்கு இரண்டாவது கால் நட்டது போலத்தான் அந்த மாற்றம்.

அந்த இரண்டாவது கால் 2020-இல் எங்களைத் தாங்கியது. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கணவர் வேலை பார்த்த நிறுவனம் சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு, ஆண்டின் இறுதியில் அவருடைய பிரிவை மூடிவிட்டது. வெளிநாட்டு ஊழியரை விடுவிக்கும் முதலாளி வருமான வரி வாரியத்துக்குத் தெரிவித்து, வரித் தீர்வுக் கடிதம் பெற்று, பாஸை ரத்து செய்ய வேண்டும். அந்தக் கடிதம் வரும் வரை கடைசிச் சம்பளம் நிறுத்திவைக்கப்படும். எங்களுக்கு இதிலே இன்னொரு முடிச்சும் இருந்தது: கணவரின் கடப்பிதழ் 2021 பிப்ரவரியில் முடிய இருந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றால், போனவர் திரும்பி வர முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளைச் சேர்ந்த பாஸ் உடையவர்கள் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டிருந்தது. மகள் இங்கே படித்துக்கொண்டிருந்தாள். என் வேலை நின்றுவிடவில்லை.

ஆகவே தலைகீழாக ஒன்றைச் செய்தோம். என் எம்ப்ளாய்மெண்ட் பாஸைச் சார்ந்து கணவருக்கும் மகளுக்கும் டிபெண்டண்ட் பாஸ் கேட்டோம். 2017 செப்டம்பர் முதல் நடப்பில் இருந்த விதிப்படி எம்ப்ளாய்மெண்ட் பாஸின் முதல் பிரிவுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 10,000 ரிங்கிட், இரண்டாம் பிரிவுக்கு 5,000 ரிங்கிட். 5,000-க்குக் கீழே இருந்த மூன்றாம் பிரிவினர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றைய விதி. நான் இரண்டாம் பிரிவில் இருந்தேன். சம்பளத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது எங்கள் குடும்பம் பிரியாமல் இருக்கக் காரணமாயிற்று. இந்த வரம்புகள் அவ்வப்போது உயர்த்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும், பழைய நண்பர் சொன்ன தொகையைப் பார்க்கக் கூடாது.

புதிய பாஸுக்கு முன் கடப்பிதழ் வேண்டும். கடப்பிதழ் விண்ணப்பத்தை வாங்கும் மையத்தில் கூட்டத்தைக் குறைத்திருந்தார்கள். முன்பதிவு எளிதில் கிடைக்கவில்லை. விண்ணப்பம் போன பிறகு திருச்சியில் காவல்துறை விசாரணை. காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மாமனாரிடம் மகனைப் பற்றி விசாரித்து, அடுத்த வீட்டுக்காரர் இருவரின் கையெழுத்தையும் வாங்கிச் சென்றார். இதற்குள் இங்கே பழைய பாஸ் முடிந்துவிட்டது. இடைவெளியை நிரப்ப ஸ்பெஷல் பாஸ் வாங்கினோம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக அனுமதி அது. கட்டணம் நூறு ரிங்கிட். நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்த அந்த நாட்களில் சாலைத் தடுப்புகளில் போலீசார் பாஸைக் கேட்பார்கள் என்பதால், கணவர் கடைக்குப் போகும்போதும் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார். புதிய கடப்பிதழ் வந்து, அதன் எண்ணில் டிபெண்டண்ட் பாஸ் வந்தபோது, பெர்சனல் பாண்டில் இந்த முறை அவருக்காக நான் கையெழுத்திட்டேன். கணவர் மனைவியைச் சார்ந்திருப்பதாக அரசாங்கத் தாளில் எழுதப்படுவதை அவமானமாக நினைத்து, குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டவர்களை எனக்குத் தெரியும். என் கணவர் அப்படி ஒரு கணமும் நினைக்கவில்லை. அவர் மீது எனக்குள்ள மதிப்பு அந்த ஆண்டு பல மடங்கு உயர்ந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. சிலர் தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதுகிறார்கள். சிலர் அதைக் காலியாக விடுகிறார்கள். மலேசியாவில் அரசாங்க அலுவலர்களுக்கு இது புதிதல்ல, இந்நாட்டுத் தமிழர்களும் தந்தை பெயரைச் சேர்த்தே எழுதுகிறவர்கள். ஆனால் 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடப்பிதழோடு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போக முடியாமல் ஆனபோது, துபாயில் வேலை கிடைத்திருந்த பல தமிழர்கள் தவித்துப் போனார்கள். கடப்பிதழை மாற்றும்போது பெயரைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லதுதான். அதைப் பாஸ் புதுப்பிப்பு நெருங்கும் நேரத்தில் மட்டும் செய்ய வேண்டாம். இரண்டு ஆவணத்திலும் பெயர் வேறாக இருக்கும் இடைக்காலம் பெரிய தலைவலி.

இப்போது சமையல்காரருக்கு வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் தோழி ஒருவர் நடத்தும் டியூஷன் வகுப்பறையில், ஞாயிறு மதியம் வேலை இல்லாத நேரத்தில், உணவகத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுண்டு. ஒரு நாள் சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் குழம்பு வைக்கிறவர். கையில் மசாலா மணம் போகாத ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன போட்டோஸ்டாட் தாள்கள். கடப்பிதழ் இல்லை.

"பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட இருக்குக்கா. எல்லாருதும் அவருகிட்டதான் இருக்கு."

"கேட்டுப் பாத்தீங்களா தம்பி?"

"கேட்டா ஓடிப்போகப் போறியான்னு கேப்பாருக்கா."

மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம், 12-ஆம் பிரிவில், சட்டப்படியான உரிமை இல்லாமல் மற்றொருவரின் கடப்பிதழைக் கைவசம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இந்தியாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டமோ, கடப்பிதழ் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அப்படியிருக்க, கல்லாப்பெட்டிக்குக் கீழே பூட்டி வைக்க ஒரு முதலாளிக்கு எங்கிருந்து உரிமை வந்தது? பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. பூட்டிய பெட்டியின் சாவி தொழிலாளியிடம் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

அந்தத் தம்பிக்கு வழி திறந்தது கடப்பிதழ் முடியும் தேதிதான். பத்தாண்டு நிறையப் போகிறது, மாற்றாவிட்டால் பெர்மிட்டும் நீளாது என்று அவர் சொன்னதும் முதலாளி புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்தபோதுதான் அதில் இ.சி.ஆர்., அதாவது குடியேற்ற அனுமதி தேவை என்ற குறி இருந்ததைக் கவனித்தேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி அரசின் அனுமதியைப் பெற வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஏமாற்று ஏஜெண்டுகளிடமிருந்து தொழிலாளிகளைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அனுபவம் வந்த பிறகும், வேலை மாறி வேறு அனுமதியில் புறப்படும்போதெல்லாம் அந்தக் குறி கூடவே வந்து வழியை மறிக்கும். மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள், தொடர்ச்சியாக இருந்தாலும் விட்டு விட்டு இருந்தாலும், அந்தக் குறியை நீக்கக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடப்பிதழை மாற்றும் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழைய நிலைதான் புதிய புத்தகத்திலும் தொடரும்.

அதற்கு ஆதாரமாக அமைந்தது அந்தப் பழைய புத்தகமே. ஒவ்வோர் ஆண்டும் ஒட்டப்பட்ட வேலை பெர்மிட் ஒட்டுத்தாள்கள், தீபாவளிக்கு ஊர் போய்வந்த முத்திரைகள், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போட்டோஸ்டாட் எடுத்து, தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தோம். புதிய கடப்பிதழ் இ.சி.ஆர். இல்லாமல் வந்தது. பெர்மிட்டைப் புதிய எண்ணுக்கு மாற்ற அதை மறுபடியும் முதலாளியிடம் கொடுக்க வேண்டியிருந்தது, அது தவிர்க்க முடியாதது. கொடுக்கும்போது தேதி போட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது புத்தகம் அவரிடம் இருக்கிறது.

ஆனாலும் அவருடைய பாஸ் வகை மாறவில்லை, மாறவும் வழியில்லை. தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. முதலாளியையும் துறையையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியாது. என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் தெரிவுகள் அவருக்கு இல்லை. ஒரே நாட்டுக் கடப்பிதழை வைத்திருக்கும் இரண்டு தமிழர்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்காருகிறேன்.

உயர்ந்த சம்பளம் உள்ளவர்களுக்கு இன்னொரு படி உண்டு. திறனாளர்களை ஈர்ப்பதற்கான மலேசிய அரசு அமைப்பான டேலண்ட்கார்ப் மூலம் 2011 முதல் வழங்கப்படும் ரெசிடென்ஸ் பாஸ் பத்தாண்டுக்குரியது. எந்த நிறுவனத்தோடும் கட்டப்படாதது. கணவனோ மனைவியோ தனி வேலை பாஸ் இல்லாமலே வேலை செய்யலாம். இங்கே மூன்றாண்டு வேலை பார்த்திருப்பதும் உயர்ந்த வருமானமும் அதற்குத் தேவை. தகுதி இருந்தும் 'எதற்கு அலைச்சல்' என்று சிலர் விண்ணப்பிக்காமல் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வேலை போகும் நாளில் அந்த ஒரு பாஸின் அருமை தெரியும்.

எங்கள் வீட்டில் அடுத்த முறை மகளுடையது. 2027 நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. அன்றோடு டிபெண்டண்ட் பாஸுக்கான வயது முடிந்துவிடும். கடப்பிதழைப் பொறுத்தவரை ஒரு கவலை இல்லை: பதினைந்து வயது கடந்தவர்கள் பதினெட்டு வயது வரைக்குமான புத்தகத்தையோ பத்தாண்டுப் புத்தகத்தையோ தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பதினைந்து முடிந்த கையோடு பத்தாண்டுக்கே விண்ணப்பித்துவிட்டோம். பாஸுக்குத்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன. என்னைச் சார்ந்தே நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கேட்கலாம். பதினெட்டைக் கடந்த, மணமாகாத பிள்ளைகளுக்கு அது கிடைக்கும். அல்லது அவள் சேரப்போகும் கல்லூரி வழியாக, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் எஜுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ் மூலம், மாணவர் பாஸ் வாங்கலாம். முன்னது எளிது. பின்னதற்கு மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, கல்லூரியின் கடிதம் என்று வேலை அதிகம்; படிப்பை விட்டால் பாஸும் போகும். கணவர் முன்னதே போதும் என்கிறார். நான் மாணவர் பாஸ் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் அது அவள் பெயரில் வருவது. என் வேலைக்கு ஏதேனும் நேர்ந்தாலும் அவள் படிப்பு பாதியில் நிற்காது. மகளிடம் இரண்டு விண்ணப்பங்களின் பட்டியலையும் கொடுத்து, படித்துப் பார்த்துத் தன் முடிவைச் சொல்லச் சொல்லியிருக்கிறோம். கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வந்ததும், அவள் தேர்ந்தெடுத்த படிவத்தை அவளே நிரப்பப்போகிறாள்.